சூதாடாதவர்களுக்கு லாஸ் வேகாஸில் என்ன வேலை?

நான், மனைவி, ஒன்பது வயது மகள், அப்பா. காசினோக்கள் வரிசையாக நிற்கும் ஸ்டிரிப் சாலையில் பழைய காசினோ ஹோட்டல் ஒன்றில் மூன்று இரவு தங்கினோம். சூதாடுகிற எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் மூன்று நாளும் சூதாட்டத் தளத்தில்தான் நடந்தோம். லிஃப்டிலிருந்து சாப்பாட்டுக்குப் போனாலும் சரி, நீச்சல் குளத்துக்குப் போனாலும் சரி, ஸ்லாட் மெஷின்களுக்கு நடுவே புகுந்துதான் போக வேண்டும். ஜன்னல் கிடையாது, கடிகாரமும் கண்ணில் படவில்லை. போதாததற்கு சிகரெட் புகை வேறு. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் காசினோ தளத்தில் புகைக்கச் சட்டம் தடை போடவில்லை.

டிராகன் மின்னுகிற ஒரு மெஷின் முன்னால் மகள் நின்றுவிட்டாள். காவலர் ஒருவர் வந்து, "நடந்துகொண்டே இருங்கள்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். 21 வயது ஆகாதவர்கள் தளத்தைக் கடந்து போகலாம், நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. அதன் பிறகு அவள் அங்கே நடக்கவே இல்லை, ஓட்டம்தான்.

அப்பாவுக்கு வீட்டு ரம்மியைத் தவிர வேறு ஆட்டம் தெரியாது. இரண்டாம் நாள், "வந்ததற்கு ஒன்று" என்று ஒரு டாலர் நோட்டை மெஷினில் விட்டார். பட்டனை இரண்டு மூன்று முறை அமுக்குவதற்குள் பணம் போய்விட்டது. "சில்லறை கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறதே?" என்றார். இப்போது அது வெறும் ஒலிப்பதிவு; ஜெயித்தாலும் காகிதச் சீட்டுதான் வரும். அதற்குள் பானம் பரிமாறும் பெண் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். விளையாடுகிறவர்களுக்கு இலவசம். அப்பா காபி கேட்டார். டிப்ஸ் ஒரு டாலர். ஆக இரண்டு டாலருக்கு ஒரு காபி; கடையில் வாங்கியிருந்தால் இதைவிட அதிகம் ஆகியிருக்கும். ஜாக்பாட் அடித்தவர் மாதிரிதான் உறிஞ்சிக் குடித்தார்.

ஒரே கட்டணத்தில் வேண்டிய அளவு சாப்பிடும் பஃபேயைப் பற்றி எனக்குப் பெரிய கனவு இருந்தது. 1940களில் எல் ராஞ்சோ வேகாஸ் ஹோட்டலில், நள்ளிரவுக்குப் பிறகும் ஆட்கள் கிளம்பாமல் இருக்கட்டும் என்று ஒரு டாலருக்கு வயிறு நிறையப் போட்டார்களாம். அப்படித்தான் இந்த வழக்கம் தொடங்கியது. நஷ்டத்துக்கு விற்ற சாப்பாடு, லாபத்தைச் சூதாட்ட மேஜையில் பார்த்துக்கொண்டார்கள். இப்போது சாப்பாடே தனி வியாபாரம். 2020 பெருந்தொற்றில் மூடிய பல பஃபேக்கள் திறக்கவே இல்லை. திறந்திருந்த ஒன்றுக்குப் போனோம். நண்டுக் கால்களும் இறைச்சியும் மலைபோல் குவிந்திருக்க, சைவம் சாப்பிடும் அப்பாவுக்கு உருளைக்கிழங்கு மசியலும் சாலட்டும்தான். கட்டணம் மட்டும் நண்டு தின்றவர்களுக்கும் அவருக்கும் ஒன்று! இனிப்புப் பகுதியில் மூன்று தரம் போய் ஓரளவு ஈடுகட்டினார்.

எரிச்சலூட்டியது ரிசார்ட் கட்டணம்தான். முன்பதிவில் பார்த்த வாடகை ஒன்று, கவுண்டரில் கேட்டது ஒன்று. வைஃபை, உடற்பயிற்சிக் கூடம், உள்ளூர் தொலைபேசி அழைப்பு என்று இரவுக்கு இவ்வளவு எனச் சேர்த்திருந்தார்கள். அந்தத் தொலைபேசியை நாங்கள் தொடக்கூட இல்லை. மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற அமெரிக்க மத்திய அரசின் விதி 2025 மே மாதம்தான் அமலுக்கு வந்தது; நாங்கள் போனது அதற்கு முன்பு.

காசு கொடுத்துப் பார்த்த எதுவும், பெல்லாஜியோ ஹோட்டல் முன்னால் பாட்டுக்கு ஏற்ப ஆடும் நீரூற்றுக்கு ஈடாகவில்லை. அது இலவசம். 1998இல் வைத்தது, ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட குழாய் முனைகள், 460 அடி வரை தண்ணீர் எழும்புகிறது. இரவில் கால் மணி நேரத்துக்கு ஒரு பாட்டு. நான்கு பாட்டு முடிந்தும் அப்பா நகரவில்லை.

*

மேலே எழுதியவரின் அப்பா குடித்த காபியைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம். பிள்ளைகளோடு போகிறவர்கள் சர்க்கஸ் சர்க்கஸ் பக்கம் போய் வாருங்கள். 1968இல் காசினோவாகத் திறந்து, பிறகு ஹோட்டலும் ஆனது. சூதாட்டத் தளத்துக்கு மேலே அந்தரத்தில் ஊஞ்சலாடுவார்கள், பார்க்கக் காசு வேண்டாம். பழைய நகரப் பகுதியில் கோல்டன் நகெட் ஹோட்டலில் எனக்கு நேர்ந்தது வேறு. அங்கே நீச்சல் குளத்துக்கு நடுவே சுறாத் தொட்டி. அதன் ஊடே கண்ணாடி மாதிரி ஒரு குழாய்ச் சறுக்கு. மகன் நான்கு தரம் இறங்கினான். நான் ஒரு தரம் இறங்கினேன், கண்ணை மூடிக்கொண்டு. சுறாவைப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள்.

*

மேலே எழுதிய இருவரையும் போல நானும் லாஸ் வேகாஸ் போனதுண்டு. எனக்குப் பெரிய ஷோக்களைவிட, காசினோ ஹோட்டல்களுக்குள் சின்ன மேடையோடு இருக்கும் லவுஞ்சுகள்தான் பிடிக்கும். ஒரு பானம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், மேடை கைக்கெட்டும் தூரம். ஒரு முறை, பாடிக்கொண்டிருந்த வயதான கறுப்பினப் பாடகர் இடைவேளையில் எங்கள் மேஜைக்கு வந்தார். ஐம்பதுகளில் சாமி டேவிஸ் ஜூனியர் போன்ற புகழ்பெற்ற கறுப்பினப் பாடகர்களே இங்கே மேடையில் பாடிவிட்டு, அதே ஹோட்டலில் அறை கிடைக்காமல் ஊரின் மேற்குப் பகுதிக்குப் போய்த் தங்கினார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். 1960இல்தான் கறுப்பினத்தவருக்கான அந்தத் தடை விலகியது. எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து, அவர் பாடிக்கொண்டிருந்த அதே ஹோட்டலின் அறைச் சாவி அட்டையை எடுத்துக் காட்டினார்.