செல் சாவதற்கு ஒரு சொல்: உதிர்வா, வீயா, மடிவா?

திருச்சியிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அன்புடையீர், வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். நிணநீர்ச் செல்களில் வரும் நாள்பட்ட இரத்தப் புற்றுநோய்க்கு வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உரிய 16 பக்கக் கையேடு. 14 பக்கம் முடிந்துவிட்டது. ஒரு சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன்: அப்போப்டோசிஸ். செல் தனக்குள் இருக்கும் ஏற்பாட்டின்படியே ஒழுங்காகச் சாவதற்கு அறிவியலில் உள்ள பெயர்.

என் கைக்கு வந்த பழைய வரைவில் ‘செல் தற்கொலை’ என்று இருந்தது. நானும் அதை மாற்றவில்லை. போன வாரம் ஒரு மருத்துவமனையில், வரிசையில் காத்திருந்த ஒரு பெரியவருக்கு அவர் மனைவி அந்த வரைவை வாசித்துக் காட்டினார். நான் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ‘இந்த மாத்திரை புற்றுச் செல்களைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது’ என்ற வரி வந்ததும் அந்த அம்மா நிறுத்திவிட்டார். தாளை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பெரியவர் ‘மேலே படி’ என்றார். தாளைப் பிரித்து, அந்த வரியைத் தாண்டி அடுத்த பத்தியிலிருந்து வாசித்தார். அந்தச் சொல்லைக் கையேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் வேறு சொல் இல்லாமல் விளக்க முடியவில்லை. முதல் வாரம் 20 மில்லிகிராமில் தொடங்கி, 50, 100, 200 என்று ஏற்றி, ஐந்தாம் வாரம்தான் 400க்கு வருகிறார்கள். ஏன் இத்தனை மெதுவாக, ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள் என்று சொல்லியாக வேண்டும். செல்கள் ஒரேயடியாகச் செத்தால் அவற்றின் உள்ளே இருந்த பொட்டாசியமும் மற்றவையும் இரத்தத்தில் கொட்டிச் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். இதில் வரும் ‘சாதல்’ எந்தச் சாதல்? உதவுங்கள்.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, அந்த அயற்சொல்லிலேயே விடை இருக்கிறது. 1972இல் கெர், வில்லி, கரி என்ற மூன்று நோயியலாளர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். அபர்தீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியரைக் கேட்டு வைத்த பெயர் அது. பூவிலிருந்து இதழும் மரத்திலிருந்து இலையும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஆகவே ‘உதிர்வு’.

அதைவிடச் சிறந்த சொல்லும் நம்மிடம் உண்டு. பூவின் பருவங்களை அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பெயரிட்டுப் பிரித்த மொழி இது. இதில் ‘வீ’ என்பது உதிரும் நிலையில் உள்ள பூ. வினையாகக் கொண்டால் ‘வீதல்’ என்பது சாதல், அழிதல். பூ உதிர்தலும் உயிர் நீங்குதலும் ஒரே எழுத்தில்! நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் ஒன்று. கிரேக்கர் உவமையாகச் சொன்னதை நம் மொழி நேர்ப்பொருளாகவே வைத்திருக்கிறது. ‘செல்வீவு’ என்று எழுதுங்கள். வீழ், வீடு எல்லாம் இந்த வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. வீடுபேறு என்பதும்...

கோயம்புத்தூரிலிருந்து, விலங்கியல் ஆசிரியை:

ஐயா, இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். ‘வீடு’ என்பது ‘விடு’ நீண்டு வந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு, கேடு, சுடு, சூடு போல. அதற்கும் வீ என்ற பூவுக்கும் உறவில்லை.

‘உதிர்வு’ எனக்குப் பிடித்திருக்கிறது. உதிர்தல் தன்வினை, உதிர்த்தல் பிறவினை. இரண்டும் இங்கே தேவைப்படுகின்றன. தலைப்பிரட்டையின் வால் மறையும்போது செல்கள் உதிர்கின்றன. கொல்லும் டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல், தொற்று ஏறிய செல்லை உதிர்க்கிறது. பெர்ஃபோரின் என்ற புரதம் வழி திறக்க, கிரான்சைம் என்ற நொதி உள்ளே போய், சாகவேண்டிய செல்லின் சொந்த நொதிகளையே முடுக்கிவிடுகிறது. ஆசிரியருக்கு ஒரே வேரில் இரண்டு வினையும் கிடைப்பது பெரிய வசதி.

சென்னையிலிருந்து, புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்:

‘உதிர்வு’ என்று போடாதீர்கள். எங்கள் வார்டில் உதிர்கிறது என்றால் முடிதான். மருந்து ஏற்ற வரும் ஒவ்வொருவரும் முதல் நாளே கேட்கும் கேள்வி அது. ‘மாத்திரையால் செல் உதிர்வு ஏற்படும்’ என்று அச்சடித்தால், பக்க விளைவுகள் பட்டியலைப் படிப்பதாகவே நினைப்பார்கள். ‘செல்வீவு’ என்றால் அடுத்த படுக்கைக்காரரின் பெயரா என்று கேட்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து, உயிரியல் ஆசிரியர்:

வணக்கம். நாங்கள் செல் என்பதைக் கலம் என்றும், மைட்டோகாண்ட்ரியாவை இழைமணி என்றும் சொல்லிப் பழகியவர்கள். அதைப் பற்றி இங்கே சண்டை வேண்டாம். வேறொன்றைக் காட்ட விரும்புகிறேன்.

திருச்சி நண்பர் தம் முதல் மடலில் அறியாமலே சொல்லை எழுதிவிட்டார். ‘தாளை நான்காக மடித்து.’ மடிதல் என்றால் சாதல். போரில் மடிந்தார்கள் என்கிறோம். மடிதல் என்றால் மடங்குதலும்தான். இனி நுண்ணோக்கியில் தெரிவதைப் பாருங்கள். அடிபட்டோ இரத்தம் கிடைக்காமலோ சாகும் கலம் வீங்கி வெடிக்கிறது. உள்ளே இருப்பது வெளியே கொட்டிச் சுற்றுப்புறம் சிவந்து அழல்கிறது. அப்போப்டோசிஸில் இதெல்லாம் இல்லை. கலம் சுருங்குகிறது. கருவின் நிறப்பொருள் இறுகி ஓரம் சேர்கிறது. டி.என்.ஏ. துண்டு துண்டாக நறுக்கப்படுகிறது. பிறகு மென்சவ்வு கொப்புளம் கொப்புளமாகப் பிதுங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் சிறு பொட்டலங்களாகக் கட்டுகிறது. சவ்வின் உட்புறம் இருந்த ஒரு கொழுப்பு வெளிப்புறம் திரும்பி ‘என்னை எடுத்துக்கொள்’ என்று காட்ட, விழுங்கு கலங்கள் வந்து சத்தமில்லாமல் அள்ளிச் செல்கின்றன. ஊருக்குப் போகிறவர் வீட்டைக் கூட்டித் துணிமணியை மடித்துக் கட்டி வைப்பதுபோல. பெயர் வைப்பதற்கு முன்பு கெரும் இதைச் சுருங்கிச் சாகும் வகை என்றே சொல்லி வந்தார். ஒரே சொல்லில் சாவும் சாகும் முறையும் வருகிறது. மடிவு.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மடி என்றால் சோம்பல். வள்ளுவர் ‘மடியின்மை’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். செல் சோம்பிக் கிடக்கிறது என்று பொருள்படாதா? சாவைத் தானே ஏற்கும் முறைக்குச் சொல் வேண்டுமானால் ‘வடக்கிருத்தல்’ இருக்கிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான்; பார்த்தேயிராத பிசிராந்தையார் வந்து உடனிருந்தார். ஒரு செல் சாக, பக்கத்துச் செல்லும் உடன்சாவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மெல்பர்னிலிருந்து, நோயெதிர்ப்பியல் ஆய்வு மாணவர்:

ஐயா, பிசிராந்தையாரை இங்கே பார்த்ததில் மகிழ்ச்சி. ஆனால் வடக்கிருத்தலில் மானம் இருக்கிறது, முடிவெடுக்கும் ஒருவர் இருக்கிறார். செல்லில் அப்படி ஒருவர் இல்லை. ‘தற்கொலை’யில் உள்ள பிழையும் இதுவே. ‘தன்மடிவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தத் ‘தன்’னையும் எடுத்துவிடச் சொல்வேன்.

காரணம் சொல்கிறேன். நம் உடலின் செல்கள் சாகச் சொன்னால்தான் சாகும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறு. ‘உயிரோடு இரு’ என்ற குறிப்பு அக்கம்பக்கத்துச் செல்களிலிருந்து வந்துகொண்டே இருந்தால்தான் செல் வாழும், நின்றால் மடியும். மார்ட்டின் ராஃப் 1992இல் இதை அழுத்தமாக எழுதினார். நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் உருவாகும் டி செல்களில் 100க்கு ஏறத்தாழ 95 வெளியுலகைப் பார்க்காமலே மடிகின்றன. சில, நம் உடலையே தாக்கக்கூடியவை என்பதால் ஒழிக்கப்படுகின்றன. மிகுதி, ‘நீ வேண்டும்’ என்ற குறிப்பு ஒருமுறைகூட வராததால் மடிகின்றன. கொலையும் இல்லை, தற்கொலையும் இல்லை. கேட்பாரற்றுப் போதல்.

புற்றுநோய் இந்த இடத்தில்தான் புகுகிறது. ஒருவகை நிணநீர்ப் புற்றில் 14ஆம் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் துண்டு மாறி ஒட்டிக்கொள்கின்றன, பி.சி.எல்.-2 என்ற மரபணு ஓயாமல் வேலை செய்கிறது. புற்று மரபணு என்றால் செல்லைப் பெருகச் செய்யும் என்பதுதான் அன்றைய எண்ணம். 1988இல் இதே மெல்பர்னில் வாக்ஸ், கோரி, ஆடம்ஸ் மூவரும் செல்லுக்கு ‘உயிரோடு இரு’ என்ற குறிப்பாக இருந்த வளர்ச்சிக் காரணியை நிறுத்திப் பார்த்தார்கள். பி.சி.எல்.-2 இருந்த செல்கள் பெருகவில்லை, சாகவும் இல்லை. குறிப்பு நின்ற பிறகும் உயிரோடு கிடந்தன. சாகாமல் இருப்பதே புற்றுக்கு ஒரு வழி என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த மரபணு உண்டாக்கும் புரதம், சாவைத் தொடங்கும் வேறு புரதங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. திருச்சி அண்ணன் எழுதும் மாத்திரை அந்தப் பிடிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிடியிலிருந்து விடுபட்ட புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளையிட, சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிகிறது, செல்லை உள்ளிருந்து வெட்டும் கேஸ்பேஸ் நொதிகள் விழிக்கின்றன. அந்த மாத்திரை யாரையும் தூண்டவில்லை, தடையை எடுக்கிறது. வரைவில் உள்ள ‘தூண்டுகிறது’ என்ற வினையையும் மாற்றுங்கள்.

ஆகவே மடிவு. அத்துடன் ‘குறிப்பு’க்கும் ஒரு சொல் முடிவாக வேண்டும். சமிக்ஞையா, சைகையா?

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சமிக்ஞை வடசொல். ‘ஏவல்’ என்று எழுதுங்கள். ஏவல் வினை என்று இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘வாழ்’ என்பதும் ‘மடி’ என்பதும் ஏவல் வினைகள்தாமே! வாழேவல், மடியேவல். என்ன செறிவு பாருங்கள்.

சென்னையிலிருந்து, புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்:

ஐயா, எங்களிடம் வருகிறவர்களில் பலர் முதலில் தாயத்துக் கட்டிக்கொண்டு, பிறகு மருத்துவமனைக்கு வருகிறவர்கள். ‘யாரோ ஏவல் வைத்துவிட்டார்கள்’ என்று சொல்லி அழும் தாயை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். அந்தத் தாயின் கையில் ‘மடியேவல்’ என்று அச்சிட்ட தாளைக் கொடுக்க என்னால் முடியாது.

கோயம்புத்தூரிலிருந்து, விலங்கியல் ஆசிரியை:

ஏவலுக்கு அறிவியல் காரணத்தாலும் இடமில்லை. டி.என்.எஃப். என்ற ஒரே மூலக்கூறு ஒரு செல்லுக்கு ‘வாழ்’ என்றும், உள்ளே பாதுகாப்பு வழி அடைபட்டிருந்தால் ‘மடி’ என்றும் ஆகிறது. ஏவல் என்றால் ஏவியவன் நினைத்தது நடக்க வேண்டும். குறிப்பு என்றால் அறிகிறவரைப் பொறுத்து மாறும். ‘குறிப்பறிதல்’ அதிகாரத்தை ஐயாவுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. எனக்குக் ‘குறிப்பு’ போதும். வகுப்பில் மாணவர்கள் பாடநூலில் பார்ப்பது சமிக்ஞை. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

மடிவில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. இது தனிச்சொல் அல்ல, ஒரு குடும்பத்தின் தலைச்சொல். செல் சாகும் வேறு வகைகளுக்கும் 2001இல் பைரோப்டோசிஸ், 2012இல் ஃபெரோப்டோசிஸ் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அழல்மடிவு, இரும்புமடிவு என்று ஆக்கலாம், சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பைரோப்டோசிஸில் செல் மடங்குவதில்லை, வெடிக்கிறது. யாழ்ப்பாணத்து ஆசிரியர் சொன்ன மடிப்பு அங்கே பொய்யாகிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, உயிரியல் ஆசிரியர்:

உண்மைதான், அக்கா. அதற்கு வெடிப்புச் சாவு என்றே தனியாகப் பெயர் வைக்க வேண்டும். கிரேக்கச் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு நாமும் ஒரே வாலை ஒட்டத் தேவையில்லை.

திருச்சியிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை கொடுக்க வேண்டும். 15ஆம் பக்கம் இப்படி இருக்கிறது:

‘நம் உடலில் நாள்தோறும் பழைய செல்கள் அமைதியாக மடிகின்றன. புற்றுச் செல்கள் மடிய மறுப்பவை. இந்த மாத்திரை அவற்றைக் காத்து நிற்கும் தடையை நீக்குகிறது. பிறகு அவையும் மடிகின்றன. ஒரே நாளில் மிகுதியாக மடிந்தால் உடலால் அப்புறப்படுத்த முடியாது. அதனால்தான் மருந்தை வாரம் வாரமாக ஏற்றுகிறோம். அதனால்தான் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறோம்.’

பெயர்ச்சொல் தேவைப்பட்ட ஒரே இடத்தில் ‘செல் மடிவு’ என்று போட்டிருக்கிறேன். ‘குறிப்பு’ இரண்டு இடத்தில் வருகிறது. இன்று பிற்பகல் வேறொரு குடும்பத்துக்கு இதை வாசித்துக் காட்டினேன். மகள் கேட்டாள்: ‘அப்பாவின் நல்ல செல்களும் மடியுமா?’ கேள்வி சரியான இடத்திலிருந்து வந்தது. 16ஆம் பக்கத்தில் அதற்கு நான்கு வரி சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நோயாளிக்கு மடிவு இருக்கட்டும், தம்பி. அந்த நான்கு வரியையும் அனுப்பு, ஒற்றுப் பிழை பார்த்துத் தருகிறேன். கலைச்சொல் அகராதி என்று வரும்போது என் வாக்கு வீவுக்குத்தான். அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வீழ் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன். கோயம்புத்தூர் அம்மா வீடு பற்றி மட்டும்தான் மறுத்திருக்கிறார்.