பிரஸ்ஸில் விரல் போன பிறகு பழைய வேலைக்குத் திரும்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். என் தம்பி கோயம்புத்தூரில் பவர் பிரஸ் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டுகிற மெஷின்) ஓட்டுபவன். ஏழு வாரத்துக்கு முன் மெஷினில் சிக்கி வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போய்விட்டன. இ.எஸ்.ஐ.யில் சிகிச்சை நடக்கிறது. தற்காலிக ஊன உதவித்தொகையாகச் சம்பளத்தில் 90 சதவீதம் வருகிறது, அதில் குறை இல்லை.

பிரச்சினை அவன் எதிர்பார்ப்புதான். அடிபட்ட அன்றே "ஒரு மாசத்துல மெஷின்ல நிப்பேன்"னு சொன்னான். இப்போதும் அதே பேச்சு. தினமும் ஒரு டம்ளரில் நட்டுகளைக் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறான். பெரியது வருகிறது, சின்னது நழுவி உருண்டு கட்டிலுக்கு அடியில் போகிறது. உடனே டம்ளரைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்வான். டாக்டரோ இன்னும் இரண்டு மாதம் பொறு என்கிறார். கம்பெனியில் "பேக்கிங்குக்கு வா, சம்பளம் அப்புறம் பேசிக்கலாம்" என்கிறார்கள். அந்த "அப்புறம்" எனக்குப் பயமாக இருக்கிறது.

வேலைக்குப் போகிற நாளுக்கு அந்த உதவித்தொகை கிடையாது என்று தெரியும். மெடிக்கல் போர்டு ஊன சதவீதம் போடுவதற்கு முன்பே பேக்கிங்கில் சேர்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: சம்பளத்தை எழுதி வாங்கினீர்களா? போர்டில் அதைப் பற்றிக் கேட்டார்களா? இப்படி விரல் போன பிறகும் பிரஸ்ஸுக்கே திரும்பினவர்கள் யாராவது இருந்தால் அவனிடம் ஐந்து நிமிடம் போனில் பேச முடியுமா? நான் சொன்னால் கேட்கமாட்டான், அக்கா என்றாலே அறிவுரை என்று நினைப்பு. இன்பாக்ஸில் வந்தாலும் சரி.