கேனோவை முதல்ல எங்க கேட்டனீங்கள்? அனுபவத்தைப் பகிருங்கோ

ஈஸ்ட்ஹாம் வாசி:
கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில வளர்ந்த ஆக்கள் இஞ்ச கனபேர் இருப்பியள். கிரைம் (grime, குற்றமில்லை, கிழக்கு லண்டனில பிறந்த வேகமான ராப் வகை) பாட்டுக்காரர் கேனோவும் எங்கட ஏரியாப் பெடியன்தான். 1985இல பிறந்தவர், தாய் தகப்பன் ஜமெய்க்கா வழி.

நான் அவரை முதல்ல கேட்டது 2003 அளவில, டெஜா வூ எஃப்எம்மில. லைசென்ஸ் இல்லாத கள்ள ரேடியோ. அந்த நாளில உப்பிடியான ஸ்டேஷன்காரர் மாடிக் குடியிருப்புகளின்ர உச்சியில ஏரியலைக் கட்டிப்போட்டு ஒலிபரப்புவாங்கள், அதிகாரிகள் வந்து கழட்டுவாங்கள், பேந்து கட்டுவாங்கள். என்ர அறையில ஜன்னல் பக்கம் செட்டைச் சரிச்சுப் பிடிச்சால்தான் இரைச்சல் இல்லாமல் வரும். நாஸ்டி குரூ எண்ட கூட்டத்தோட கேனோ வருவார். ஆராவது ஒரு வரியை நல்லா எடுத்துவிட்டால், கேக்கிற சனம் ஸ்டூடியோ ஃபோனுக்கு மிஸ்ட் கோல் அடிக்கும். கோல் குவிஞ்சால் டிஜே இசைத்தட்டைக் கையால பின்னுக்குச் சுத்தி, திரும்ப முதலில இருந்து விடுவார். ஊர்க் கொட்டகையில விசிலடிச்சு 'வன்ஸ்மோர்' கேக்கிற மாதிரித்தான், காசு மட்டும் செலவில்லை.

மற்ற ஆக்கள் தொண்டை கிழியக் கத்தேக்க, இவர் பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரிப் பாடுவார். அவ்வளவு வேகத்திலயும் ஒரு சொல்லுத் தவறாது. அம்மாவுக்கு எல்லாம் ஒண்டுதான்: "உந்தச் சண்டைச் சத்தத்தை நிப்பாட்டு!"

2004இல 'பீஸ் அண்ட் க்யூஸ்' பாட்டு, அடுத்த வருசம் 'ஹோம் ஸ்வீட் ஹோம்' ஆல்பம். பிறகு நடந்ததை நீங்கள் சொல்லுங்கோ.

திருச்சிக்காரன்:
அண்ணே, நான் ரொம்ப லேட். மாஸ்டர்ஸ் படிக்க வந்து, ஹை ஸ்ட்ரீட் நார்த் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். நெட்ஃபிளிக்ஸ்ல 'டாப் பாய்' சீரியல் பார்த்தப்போ சல்லினு ஒருத்தன் வருவான், கண்ணைப் பார்த்தாலே வயிறு கலங்கும். டைட்டில்ல கேன் ராபின்சன்னு போட்டிருந்தது. நடிகர்னே நினைச்சுட்டு இருந்தேன். அதுதான் கேனோன்னு ரூம்மேட் சொன்னப்போ நம்பவே இல்ல. 2011ல சேனல் ஃபோர்ல ஆரம்பிச்சு 2023ல முடியுற வரைக்கும் அந்த வேஷம் அவர்தான்.

அப்புறம்தான் 2016ல வந்த அவரோட 'மேட் இன் த மேனர்' ஆல்பம் கேட்டேன். சின்ன வயசுல இருந்த மேனர் ரோடு வீடு, தெரு, சண்டை போட்டுப் பிரிஞ்ச சிநேகிதன் எல்லாம் அதுல வரும். 'லிட்டில் சிஸ்'னு ஒரு பாட்டு, அப்பா வழியில ஒரு தங்கச்சி இருந்தும் பழக்கமே இல்லாமப் போனதைப் பத்தி. நம்ம வீடுகள்ல இந்தப் பேச்சே எடுக்க மாட்டாங்க. இவர் பேரைச் சொல்லாத குறையா மைக்ல சொல்றார். சல்லியா பயமுறுத்தினதை விட இது என்னை அதிகமா உலுக்குச்சு.

பழைய டிஜே:
நான் சின்னச் சின்ன மியூசிக் நைட் நடத்தினவன். ரேடியோவில கேட்ட பாட்டை நேரில கேக்கிறது அவ்வளவு சுகமில்லை. 2005இல மெட் (லண்டன்) பொலிஸ் 'ஃபார்ம் 696' எண்டு ஒரு படிவம் கொண்டு வந்தது. ஆர் பாடினம், விலாசம் என்ன, என்ன வகைப் பாட்டு, ஆரம்பத்தில எந்த இனத்து ஆக்கள் வருவினம் எண்டது வரை எழுதிக் குடுக்கவேணும். கிரைம் எண்டு எழுதினால் மண்டபக்காரர் பின்வாங்குவினம். எனக்கும் ஒரு மண்டபம் கடைசி நேரத்தில கைவிரிச்சது, பேர் வேண்டாம். 2017 நவம்பரில்தான் அந்தப் படிவத்தை எடுத்தவை. அதுக்குள்ள ஒரு தலைமுறையே மேடையில்லாமல் போச்சு.

வெம்பிளி அக்கா:
தம்பிமார், நான் 2019 ஒக்டோபரில கேனோவின்ர கச்சேரிக்கு ரோயல் ஆல்பர்ட் ஹாலுக்குப் போனனான். மகள்தான் டிக்கெட் எடுத்தவள். 1871இல திறந்த மண்டபம், சிவப்புக் கதிரை, நான் உச்சி வட்டத்தில. 'ஹூடீஸ் ஓல் சம்மர்' ஆல்பம் வந்து கொஞ்ச நாள்தான். பித்தளை வாத்தியம், கோரஸ் எல்லாம் மேடையில. அந்த ஆல்பத்தில பழைய டெஜா வூ ஸ்டேஷனுக்கே ஒரு பாட்டு இருக்கு. கள்ள ஏரியலில வந்ததை அந்த மண்டபத்தில கேக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கினது. கீழ பெடியள் குதிச்ச குதியில என்ர முழங்கால் நோகேல்லை எண்டு மட்டும் சந்தோசம்.

போ ரோட்:
எல்லாஞ் சரி. ஆனால் 2003லயே மெர்குரி எண்ட பெரிய ஆல்பப் பரிசை எடுத்தது எங்கட போ ஏரியாக் கிரைம் பாட்டுக்காரர் டிஸி ராஸ்கல். கேனோ 2016, 2020 ரெண்டு தரமும் இறுதிப் பட்டியலோட சரி. 2016இல இன்னொரு கிரைம் பாட்டுக்காரர் ஸ்கெப்டா தட்டிக்கொண்டு போனார்.

ஈஸ்ட்ஹாம் வாசி:
போ காரர் வருவியள் எண்டு தெரியும் 😀 பரிசு எடுக்கேல்லைத்தான். 2010க்குப் பிறகு ஆறு வருசம் ஆல்பமே விடேல்லை. கையில சரக்கில்லாமல் வருசாவருசம் கடை திறக்கிறதை விட அது மேல். இன்னும் ஒரு விசயம்: 2010இல கேனோ கொரில்லாஸ் இசைக்குழுவோட சிரியாவின்ர டமாஸ்கஸ் கோட்டையில போய்ப் பாடினவர். 'வைட் ஃபிளாக்' பாட்டில அரபு வாத்தியக் குழுவும் கிழக்கு லண்டன் கிரைமும் சேர்ந்து வருமே, அதைக் கேளுங்கோ. அந்தச் சுற்றுப்பயணத்தில எந்த ஊரிலயாவது நேர பார்த்த ஆக்கள் இருந்தால், தயவுசெய்து எழுதுங்கோ.