ஹென்றி கோ பூங்காவுக்குக் கைகொடுக்க யார் வருகிறீர்கள்?

சான் ஓசே பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். மார்கன் ஹில்லுக்குக் கிழக்கே உள்ள ஹென்றி கோ பூங்காவில் நடைபாதைப் பராமரிப்புக்குத் தன்னார்வலராகப் போகலாம் என்று இருக்கிறேன். சுமார் 87,000 ஏக்கர், வட கலிபோர்னியாவிலேயே பெரிய மாநிலப் பூங்கா. அவ்வளவு காட்டையும் ரேஞ்சர்கள் மட்டும் பார்த்துக்கொள்ள முடியுமா? பார்வையாளர் மையத்தில் உட்காருவதிலிருந்து பாதை வெட்டுவது வரை தன்னார்வலர்கள்தான் தோள் கொடுக்கிறார்கள். 2020 மின்னல் தீயில் பெரும்பகுதி எரிந்தது. எரிந்த இடத்தில் புதர் வேரிலிருந்து மறுபடி துளிர்த்து வரும். வெட்டாமல் விட்டால் பாதையே மறைந்துவிடும்.

இந்த வேலையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கைரம்பமும் கிளை வெட்டும் நீளக் கத்தரியும் அங்கேயே தருவார்களா? பாய்சன் ஓக் செடிதான் என் பெரிய பயம். இலை உதிர்ந்த வெறும் குச்சி பட்டாலும் அரிக்குமாமே, குளிர்காலத்தில் அதை எப்படி அடையாளம் காண்பது? பதினாலு வயதுப் பையனைக் கூட்டி வரலாமா? அப்புறம், மலைப்பாதை ஒடுக்கமானது, வளைவுகள் அதிகம். ஒரே காரில் சேர்ந்து போக யாராவது தயார் என்றால் கமெண்டில் சொல்லுங்கள். தயிர்சாதம் என் பொறுப்பு.