மறுமொழி: வாய்மொழி வரலாறா, நினைவுச்செவ்வியா?

> 'வாய்மொழி வரலாறு' ஏற்கெனவே புழங்குகிறதே அக்கா. பிறகேன் புதுச்சொல்?

துறையின் பெயராக அது இருக்கட்டும் தம்பி. எனக்கு வேண்டியது, ஒருவர் தன் நினைவைச் சொல்லப் பதிந்து வைக்கும் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஒரு பெயர். அதற்குத்தான் 'நினைவுச்செவ்வி' என்றேன். பட்டியலில் 'வாய்மொழி' என்று போட்டால் தாலாட்டும் ஒப்பாரியும் நாட்டார் கதையும் கூடவே வந்து விழுகின்றன. அவை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தவை. 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் இருந்தவரோ, அகதிகளை ஏற்றிய 'லங்கா கல்யாணி' கப்பலில் வடக்கே காங்கேசன்துறைக்குப் போனவரோ சொல்வது அவரே கண்டது, அவரே பட்டது.

> 'வாக்குமூலம்'? 'சாட்சியம்'?

தயவுசெய்து வேண்டாம். வெள்ளவத்தையில் வயதான ஒரு அம்மாவிடம் போய் "உங்கட வாக்குமூலத்தைப் பதியப் போறம்" என்று சொல்லிப் பாரும், கதவே திறக்காது. அது பொலிஸ் சொல். சாட்சியம் நீதிமன்றத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் உரியது. நாங்கள் தீர்ப்புக்காகக் கேட்கவில்லை. கப்பலில் என்ன சாப்பிட்டது, பக்கத்தில் யார் இருந்தது, வீட்டுத் திறப்பை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தது, இவைதான் எங்களுக்கு வேண்டும். "கலவரத்துக்கு முந்தின வருசம்" என்று அவர் சொன்னால் அப்படியே இருக்கட்டும். அது எந்த ஆண்டு என்பதைப் பட்டியலிடுபவர் தனியாகக் குறிக்கலாம்.

என் முன்மொழிவு 'நினைவுச்செவ்வி'. எங்கள் இலங்கைப் பத்திரிகைகள் நேர்காணலைச் செவ்வி என்றே எழுதுவதால் விளக்கம் தேவையில்லை. (தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் பழம்பாட்டு வாடை அடிக்கலாம். பழகிவிடும்.) செவ்வி கண்டவர், செவ்வி அளித்தவர் என்று இருவரையும் குறிக்க வழியுண்டு. அது முக்கியம், ஏனென்றால் கேட்பவரைப் பொறுத்துச் சொல்வதும் மாறும்: மகளிடம் வாய் திறக்காதவர் அந்நியரிடம் கொட்டுவார், சிலர் நேர்மாறு. 'நினைவுரை' வடிவான சொல்தான். ஆனால் நினைவுப் பேருரையோடு குழம்பும், கேட்டவரும் அதில் காணாமல் போவார்.

'பெரிய மனிதர் பேட்டி போல ஒலிக்கிறது' என்ற ஆட்சேபத்தையும் பார்த்தேன். 1948 இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் அலன் நெவின்ஸ் வாய்மொழி வரலாறு பதியும் இந்த வேலையைத் தொடங்கியதே பெரிய மனிதரோடுதான். பிறகு சாதாரண சனத்திடமும் வந்து சேர்ந்தது. சொல்லும் அப்படி வரலாம்.

இன்னொன்று பாக்கி. தன் காலத்துக்குப் பிறகுதான் வெளியிட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அப்படி மூடி வைத்திருக்கும் காலத்துக்கு 'பூட்டுக்காலம்' என்று படிவத்தில் போட நினைக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமும் இருந்தால் அனுப்புங்கள், அச்சுக்குக் கொடுக்குமுன் மாற்றிவிடலாம்.