யாஷிகா மேட் 124ஜி (பழைய பிலிம் கேமரா) லைட் மீட்டர நம்பலாமா?

அல்சூர் பையன்: மாமாவோட 124ஜி கைக்கு வந்துச்சு, விடியக்காலைல பெங்களூர் கேஆர் மார்க்கெட் பூக்கடைல படம் எடுத்தேன், கேமரா மேல இருக்குற கண்ணாடிய குனிஞ்சு பாக்குறதால யாரும் முறைக்கல, ஒரு பூக்காரம்மா என்ன பொட்டிப்பான்னு எட்டிப் பாத்து கண்ணாடில சாமந்தி குவியல் தெரியவும் சிரிச்சுட்டாங்க. ஆனா நெகட்டிவ் எல்லாம் வெளுத்து கெடக்கு. அல்கலைன் பேட்டரி, புதுசு. மீட்டர் அவுட்டா?

பிலிம் பைத்தியம்: மீட்டர் 1.35 வோல்ட் மெர்க்குரி செல்லுக்கு செஞ்சது ப்ரோ. 1.5 போட்டா வெளிச்சம் ஜாஸ்தின்னு காட்டும், அத நம்புனா அண்டர் தான், பிலிமுக்கு வெளிச்சம் பத்தாது. போன்ல மீட்டர் ஆப் போட்டுக்கங்க.

மல்லேஸ்வரம் அக்கா: நல்ல வெயில்னா லென்ஸ் துவாரம் எஃப்16, ஷட்டர் வேகம் செகண்ட்ல 1/பிலிமோட ஐஎஸ்ஓ நம்பர்கிட்ட, மீட்டரே வேணாம். மார்க்கெட் கூரைக்குள்ள அது வேலைக்காகாது. ரோலுக்கு 12 படம் தான், பாத்து அமுக்குங்க.

அல்சூர் பையன்: சரிக்கா. கண்ணாடில இடது வலது மாறித் தெரியுறது தான் தல சுத்துது, நடக்குற ஆள புடிக்கவே முடியல.

பிலிம் பைத்தியம்: ஆள துரத்தாதீங்க, ஃபோகஸ் வெச்சுட்டு நில்லுங்க, அவங்களே வருவாங்க.