மூன்று தலைமுறைக்கு ஒரு கடற்கரை: அந்தமானா, மாலத்தீவா, பாசிக்குடாவா?

அல்லிக்குளம்:

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். வரும் டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் எங்கள் குடும்பத்தில் எட்டுப் பேர் சேர்ந்து ஏதேனும் ஒரு தீவுக்குச் சென்று, கடற்கரையை ஒட்டி நான்கு இரவுகள் தங்க விரும்புகிறோம். மாமனாருக்கு 76 வயது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மாமியாருக்கு 71 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். சமதரையில் கைத்தடியோடு நன்றாகவே நடப்பார், ஆனால் கைப்பிடி இல்லாத படியைக் கண்டால் அப்படியே நின்றுவிடுவார். என் அம்மா, நாங்கள் இருவர், என் தம்பி, 11 வயது மகன், 4 வயது மகள் ஆகியோர் மற்றவர்கள். பெரியவர்கள் மூவருக்கும் கடவுச்சீட்டு இனிமேல்தான் எடுக்க வேண்டும். கணவர் மாலத்தீவு என்கிறார், தம்பி அந்தமான் என்கிறார்.

சென்ற ஆண்டு எல்லோருமாக ஒரு மலைவாசத்தலத்துக்குப் போயிருந்தோம். விடுதி அறை இரண்டாம் மாடியில் அமைந்துவிட்டதால் மாமியார் மூன்று நாளும் சன்னலோரத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பெரியவர்களை அழைத்துச் சென்ற அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

கடலோரத்தான்:

2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேரில் பணி நிமித்தம் ஆறு ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில், தங்கள் தம்பி சொல்வதே சரி என்று உறுதியாகச் சொல்வேன். கடவுச்சீட்டு வேண்டாம், விசா வேண்டாம், நாணயம் மாற்ற வேண்டாம். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் விமானப் பயணம், அவ்வளவுதான். அங்கே சந்தைக்குப் போனால் தமிழ் காதில் விழும், முருகன் கோயில் இருக்கிறது, இட்லியும் சாம்பாரும் தேடி அலைய வேண்டியதில்லை. உடம்புக்கு ஏதேனும் என்றால் ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனை நகரத்திலேயே உள்ளது; மருத்துவரிடம் நம் மொழியிலோ அரைகுறை இந்தியிலோ விவரம் சொல்லிவிடலாம். எழுபதைத் தாண்டியவர்களுக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறில்லை.

கடற்கரை என்றால் ஹேவ்லாக். 2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு. அங்குள்ள ராதாநகர் கடற்கரையை 2004-இல் டைம் இதழ் ஆசியாவிலேயே சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தது. வண்டியை விட்டு இறங்கி, உயர்ந்த மரங்களின் நிழலில் சிறிது தூரம் நடந்தால், மாவு சலித்துக் கொட்டியதைப் போன்ற வெள்ளை மணல் கண்ணுக்கு எட்டும் வரை சமதளமாகக் கிடக்கும். கைத்தடி புதையாத ஈரமணலில் பெரியவர்கள் நடக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்திய நேரத்தையே அங்கும் பின்பற்றுவதால் டிசம்பரில் மாலை ஐந்து மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும், காலை ஆறு மணிக்கெல்லாம் நன்றாக விடிந்திருக்கும். வைகறையில் எழுந்து முன்னிரவில் படுத்துவிடும் பெரியவர்களின் பழக்கத்துக்கும் சிறு குழந்தைகளின் பழக்கத்துக்கும் இது பொருந்திப் போவதை என் பெற்றோர் வந்திருந்தபோது கண்ணாரக் கண்டேன்.

பவளமல்லி:

கடலோரத்தான் ஐயா சொன்ன அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடற்கரைக்குப் போய்ச் சேரும் வழியை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். விமானம் இறங்கியதும் படகுத்துறைக்கு வாடகை வண்டி, அங்கே பைகளோடு வரிசை, பிறகு திறந்த கடலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் விரைவுக் கப்பல், இறங்கியதும் மறுபடியும் வண்டி. காற்று சற்று எழுந்தாலும் கப்பலில் பாதிப் பேர் வாந்தி உறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மேலும், ராதாநகரை ஒட்டி இருக்கும் விடுதிகள் மிகச் சில. பெரும்பாலானவை தீவின் கிழக்குக் கரையில் இருக்கின்றன. அங்கே கடல் உள்வாங்கினால் செத்த பவளப்பாறையும் கல்லும்தான் வெளியே தெரியும். ஆகவே தினமும் வண்டி வைத்துக்கொண்டு கடலைப் பார்க்கப் போக வேண்டும். அறைக்கும் கடலுக்கும் நடுவே வண்டி வந்துவிட்டால், நடக்க முடியாதவர் இரண்டாம் நாளே "நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிவிடுவார். மலைவாசத்தலத்தில் நடந்தது மறுபடியும் நடக்கும்.

மாலத்தீவில் விமான நிலையத்தின் வருகைக் கூடத்தை விட்டு வெளியே வந்தால் சில அடிகளிலேயே படகுத்துறை. தலைநகர் மாலேக்கு அருகிலுள்ள தீவாகத் தேர்ந்தெடுத்தால் அரை மணி நேரத்தில் விசைப்படகில் விடுதிக்குப் போய்விடலாம். நீர்மேல் கட்டிய அறைகளை எடுக்கவே கூடாது. படி உண்டு, நான்கு வயதுக் குழந்தைக்கு ஆபத்தும் உண்டு. கரையோர வீடு எடுங்கள். நான் என் பெற்றோரையும் மாமியாரையும் அழைத்துச் சென்றபோது எங்கள் வீட்டு வாசல் நேராக மணலில் திறந்தது. உணவுக் கூடத்துக்கு பேட்டரி வண்டி வந்து அழைத்துப் போகும். பவளப்பாறை வளையத்துக்கு உள்ளே இருப்பதால் கடல் குளம் போல் இருக்கும். என் அப்பா நாற்காலியைத் தண்ணீருக்குள் போட்டு, கணுக்கால் நனைய உட்கார்ந்து, பேத்திக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தார். இந்தியர்களுக்கு விசா அங்கே இறங்கியதும் இலவசமாகவே தருகிறார்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கு மழை குறைந்த காலம். அந்தமானிலோ 2016 டிசம்பரில் புயல் சின்னம் உருவாகி, ஹேவ்லாக்கிலும் அருகிலுள்ள நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டதும் கடற்படை போய் மீட்டதும் நினைவிருக்கும். இன்சுலின் போடுபவரை வைத்துக்கொண்டு அப்படி ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள்.

கடலோரத்தான்:

2016 நிகழ்வு டிசம்பர் முதல் பாதியில் நடந்தது. மாதக் கடைசியில் வானம் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனாலும் வங்கக்கடலைப் பற்றி எவரும் உறுதிப் பத்திரம் எழுதித் தர முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவைக் கட்டாயம் போர்ட் பிளேரிலேயே கழிக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நீல் தீவை விட்டுவிட்டால் போக ஒன்று, வர ஒன்று என இரண்டே கப்பல்கள்; மாலத்தீவிலும் அதே இரண்டு படகுகள்தானே? கப்பலுக்குக் கைப்பிடியுள்ள பாலம் போடுவார்கள், அங்கேயோ ஆடும் விசைப்படகுக்குள் கால் வைத்து இறங்க வேண்டும்.

மாலத்தீவுச் செலவைப் பற்றிப் பவளமல்லி வாய் திறக்கவில்லை. அங்கே 2025 தொடக்கம் முதல் பெரிய விடுதிகளில் பசுமை வரி மட்டும் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் உண்டு என்பதால், எட்டுப் பேருக்கு நான்கு இரவுகளுக்கு 384 டாலர் ஆகிறது. அதன்மேல் 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு சுற்றுலா வரி, பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். டிசம்பர் 24, 31 ஆகிய இரவுகளுக்குப் பல விடுதிகள் கட்டாய விருந்துக் கட்டணமும் வாங்குகின்றன. அந்த இரு வாரங்கள்தான் ஆண்டிலேயே விலை உச்சத்தில் இருக்கும் காலம்.

அல்லிக்குளம் அவர்களுக்கு ஒரு கேள்வி: தங்கள் மாமியார் பயணத்தில் பூசைக்கு விக்கிரகம் எடுத்துச் செல்லும் வழக்கம் உள்ளவரா? வழிபாட்டுக்கான சிலைகளை உள்ளே கொண்டுவர மாலத்தீவுச் சுங்கத்துறை அனுமதிப்பதில்லை. அது அவர்கள் நாட்டுச் சட்டம், நாம் மதிக்க வேண்டியதுதான். ஆனால் விமான நிலையத்தில் போய்த் தெரிந்துகொள்ளும் செய்தியாக அது இருக்கக் கூடாது.

செவ்வந்தி:

நான் செவிலியராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றுகிறேன். இருவரும் கடலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மாமனாரின் பாதங்களைப் பற்றிக் கேட்கிறேன். நீண்டநாள் சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பவளத் துண்டு கிழித்தாலும் சுடுமணல் கொப்பளம் போட்டாலும் அவருக்குத் தெரியாமலேயே போகும், இரண்டு நாளில் புண்ணாகிவிடும். எந்தத் தீவுக்குப் போனாலும் அவர் வெறுங்காலோடு கரையில் நடக்கவே கூடாது. தண்ணீருக்குள்ளும் கழன்றுபோகாத ரப்பர் காலணி வேண்டும், இரவில் யாராவது ஒருவர் இரு பாதங்களையும் விளக்கொளியில் பார்க்க வேண்டும். இன்சுலினைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பாமல், மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவில் நெஞ்சு வலி என்று அவர் சொன்னால் எத்தனை மணி நேரத்தில் ஈ.சி.ஜி. எடுக்க முடியும் என்று விடுதியிடம் எழுதிக் கேளுங்கள். மாலத்தீவில் நீர்விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். எனவே மாலேயிலுள்ள இந்திரா காந்தி நினைவு மருத்துவமனைக்கு விசைப்படகில் எட்டும் தூரத்தில் இல்லாத தீவை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஹேவ்லாக்கிலும் ஆரம்ப சுகாதார நிலையம்தான் உண்டு. மற்ற எதற்கும் போர்ட் பிளேர் திரும்ப வேண்டும்.

வாழைச்சேனையான்:

நான் இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தவன். எங்கள் பாசிக்குடாவைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை என்பதால் எழுதுகிறேன். முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: டிசம்பரில் எங்கள் பக்கம் வராதீர்கள். அது மாரி காலம். வாடைக்காற்றும் மழையும் கடலைக் கலக்கி வைத்திருக்கும். டிசம்பரில்தான் வர வேண்டுமென்றால் பெந்தோட்டை, உனவட்டுன போன்ற தென்மேற்குக் கரைதான் சரி, ஆனால் அங்கே அலை எப்போதும் கொஞ்சம் இருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு மே மாதமும் விடுமுறைதானே? மாதத்தை மாற்றினால் எங்கள் கடற்கரை உங்களுக்காகவே அமைந்தது போல் இருக்கும்.

பாசிக்குடா ஒரு வளைந்த குடா. வெளியே பாறைத் தொடர் அலையைத் தடுத்துவிடுவதால், கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது, அடியில் மணல். என் அம்மம்மா எண்பது வயதில், இரண்டு பேரப்பிள்ளைகள் கையைப் பிடிக்க, சேலையோடு முழங்காலளவு தண்ணீரில் நின்று, திரும்பி வர மாட்டேன் என்று சொன்னது இந்தக் கடலில்தான். மிக முக்கியமாக, உங்கள் மாமியார் ஒரு படகிலும் ஏற வேண்டியதில்லை. இலங்கை பெரிய தீவு என்பதால் விமானத்தில் இறங்கினால் கடற்கரை வரை தரைவழிதான். வாழைச்சேனையில் ஆதார வைத்தியசாலையும், மட்டக்களப்பு நகரத்தில் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லலாம்.

பவளமல்லி:

படகு இல்லை என்பது பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பாசிக்குடாவுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத வண்டிப் பயணம். மாற்று மூட்டு வைத்தவரை அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார வைப்பது அரை மணி நேரப் படகைவிட எப்படி எளிதாகும்? மே மாத வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள். நண்பகலில் அந்த மணலில் கால் வைக்க முடியாது.

வாழைச்சேனையான்:

ஒரே மூச்சில் வரச் சொல்லவில்லை, சகோதரி. குருநாகல் வழியாகத் தம்புள்ளை வந்து ஓர் இரவு தங்கினால், மறுநாள் ஹபரணை, பொலன்னறுவை வழியாக ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் வாழைச்சேனை. பதினொரு வயது மகனுக்குச் சிகிரியா பாறைக் கோட்டையும் ஏறிப் பார்த்ததாக இருக்கும். பெரியவர்கள் கீழே நிழலில் இருக்கலாம். முன் இருக்கையில் கால் நீட்டி உட்கார இடமுள்ள வாகனமாகப் பேசிக்கொள்ளுங்கள். வெயில் உண்மைதான். நாங்களும் காலை ஆறு மணி முதல் ஒன்பது வரையும் மாலை நான்கரைக்குப் பிறகும்தான் கடலில் இறங்குவோம். புத்தர் பெருநாளான வெசாக் நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அப்போது நாடே ஊர் சுற்றப் புறப்பட்டுவிடும்.

அல்லிக்குளம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு எல்லாப் பதில்களையும் வீட்டில் உரக்கப் படித்தேன். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒவ்வொரு ஊருக்கும் நான் எத்தனை தடவை படகில் ஏறி இறங்கணும்?" என்று ஒன்றுதான் கேட்டார். அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் நான்கு தடவை, பாசிக்குடாவுக்கு ஒன்றுமில்லை என்றதும், "அப்ப மே மாசம் போகலாமே" என்றார். மலைவாசத்தலத்திலிருந்து திரும்பிய நாள் முதல் அவர் எந்தப் பயணத்தைப் பற்றியும் தானாக வாய் திறந்ததில்லை. கணவரும் தம்பியும் அதன்பின் வாதாடவில்லை. திருச்சியிலிருந்தே கொழும்புக்கு நேரடி விமானம் இருப்பதும், மே வரை கடவுச்சீட்டு எடுக்க அவகாசம் கிடைப்பதும் எங்களுக்கு வசதியாகிவிட்டன. மாமனாரின் பாதம் பற்றிச் செவ்வந்தி அம்மா எழுதியதைப் படித்த பிறகு இன்று காலை நான் பார்த்தேன். இடது குதிகாலில் ஒரு வெடிப்பு, அவருக்கே தெரியவில்லை. நாளை மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம்.

கடலோரத்தான்:

எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. தெரியாத நாட்டில் வண்டிப் பயணத்தைவிட நம் நாட்டுக் கப்பலே பாதுகாப்பு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த அம்மையாரே வாய் திறந்து கேட்டார் என்றால் அதற்குமேல் நான் சொல்வதற்கில்லை. விடுதியில் தரைத்தள அறை வேண்டும் என்பதை மட்டும் தொலைபேசியில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

அல்லிக்குளம்:

வாங்கிவிட்டோம், ஐயா. மூன்று விடுதிகளுக்கு எழுதி, அறைக் கதவிலிருந்து ஈரமணல் வரை எத்தனை படிகள் உண்டு என்று கேட்டிருந்தேன். இரண்டு விடுதிகள் அழகான படங்களை அனுப்பின. மூன்றாவது விடுதியில் வேலை செய்யும் ஒரு பெண், கைபேசியைக் கையில் பிடித்தபடி அறை வாசலிலிருந்து தண்ணீர் வரை நடந்தே காணொளி எடுத்து அனுப்பியிருந்தார்: வாசலில் இரண்டு படிகள், பக்கத்தில் கைப்பிடியோடு ஒரு சாய்தளம், அதன்பின் புல்தரை, பிறகு மணல். கடைசியில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள்ளும் இறங்கி, முழங்கால் நனைந்ததும் நிற்கிறார். மாமியார் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, என் மகளிடமும் காட்டிக்கொண்டிருக்கிறார்.